ஒரு தபால்காரரும் ஒரு கேரம் சாம்பியனும்

(ஆந்திரத்தின் எல்லை ஊரான பிச்சாட்டூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னைக்காரர் ஒருவர், பெயர் மரிய இருதயம். கேரம் ஆட்டத்துக்கு உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலாக 1991-ல் டெல்லியில் நடந்தபோது பட்டம் வென்றவர் அவர்தான். அடுத்த போட்டி 1995-ல் கொழும்பில் நடந்தது. அங்கேயும் அவரை யாரும் வீழ்த்த முடியவில்லை. தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றிருக்கிறார். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் 'கேரம் பால்' என்றால் என்னவென்று தெரியும். இலங்கையின் அஜந்த மெண்டிஸ் அதைப் போட்டு இந்திய மட்டையாளர்களைத் திணறடித்தார். பிறகு நம் அஸ்வின் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நடுவிரலால் பந்தைச் சுண்டுகிற அந்த வித்தையைத் தெருமுனை டீக்கடையில் மணிக்கணக்காக விவாதிக்கிறோம். அதே சுண்டலில் இரண்டு முறை உலகை வென்ற மரிய இருதயத்தின் பெயரைச் சொன்னால், பத்துப் பேரில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். இது மனத்தை உறுத்துகிற விஷயம். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் அதற்கான பதில் கொஞ்சம் தூரத்தில், நெதர்லாந்தில் கிடைக்கிறது.

அந்த நாட்டில் தி ஹேக் என்ற நகரம். பன்னாட்டு நீதிமன்றம் இருக்கிற ஊர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1967-ல் அந்த ஊரில் பிறந்த ரேமண்ட் வான் பார்னவெல்ட் தபால்காரராக வேலை பார்த்தார். பகலில் கடிதம் பட்டுவாடா, மற்ற நேரத்தில் டார்ட்ஸ். சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறிகிற ஆட்டம் அது. இங்கிலாந்தில் மதுக்கடைகளில் பீர் குடித்துக்கொண்டே ஆடிய ஆட்டம். நம் ஊரில் சீட்டாடுகிறவர்களைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்களோ, அங்கே டார்ட்ஸ் ஆடுகிறவர்களைப் பற்றியும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னார்கள்.

பார்னவெல்ட் 1995-ல் உலகப் போட்டியின் இறுதிவரை வந்து, வேல்ஸ் நாட்டுக்காரர் ரிச்சி பர்னெட்டிடம் தோற்றார். மூன்று ஆண்டு கழித்து, 1998-ல், அதே பர்னெட்டை அதே இறுதிப் போட்டியில் 6-5 என்ற கணக்கில் வென்றார். நெதர்லாந்துக்கு முதல் டார்ட்ஸ் உலகச் சாம்பியன் கிடைத்தார். 1999-ல் மறுபடியும் 6-5 என்ற கணக்கிலேயே வெற்றி. பிறகு 2003, 2005. 'பார்னி' என்று நாடே செல்லமாக அழைக்கத் தொடங்கியது. கடிதப் பை போய், ஆரஞ்சுச் சட்டை போட்ட ரசிகர் கூட்டம் வந்தது.

இவர் ஒருவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கோ ஸ்டோம்பே ஆம்ஸ்டர்டாமில் டிராம் ஓட்டியவர். மைக்கேல் வான் கெர்வன் தரைக்கு ஓடு பதிக்கிற வேலை பார்த்தவர். பின்னாளில் 2014, 2017, 2019 என மூன்று முறை உலகப் பட்டம் வென்று, ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக உலகின் முதலிடத்தில் இருந்தார். தபால்காரர், டிராம் ஓட்டுநர், ஓடு பதிப்பவர். இவர்கள் எல்லாரும் பார்த்த வேலையை விட்டுவிட்டு முழுநேரம் அம்பு எறிந்தே குடும்பம் நடத்த முடிந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

திறமையில் ஏதாவது குறைவா நம்மிடம்? அளவுகளை எடுத்துப் பார்ப்போம். டார்ட்ஸில் ஆட்டக்காரர் நிற்கிற கோட்டுக்கும் பலகைக்கும் இடையே 2.37 மீட்டர். 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை 'டபுள்' வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோ செருகினால்தான் ஆட்டம் முடியும். அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்.

கேரம் பலகையில் ஆடுகிற பரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். காயின் குறுக்களவு 3.18 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழியின் குறுக்களவு 4.45. ஆக, காய் குழிக்குள் நழுவி விழ இருக்கிற சலுகை ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். அதையும் காயை நேரே தொட்டுத் தள்ளி அடைய முடியாது. 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, அது போய் ஐந்து கிராம் காயை எந்த இடத்தில், எந்த வேகத்தில் தொட வேண்டும் என்று கணக்குப் போட்டு அடிக்க வேண்டும். அடித்த ஸ்ட்ரைக்கர் தானும் குழியில் விழாமல், அடுத்த அடிக்கு வாட்டமாக மற்ற காய்களைக் கலைத்துவிட வேண்டும்.

ஒரு போர்டின், அதாவது ஒரு சுற்றின், முடிவை நெருக்கத்தில் பாருங்கள். எதிராளிக்குக் கறுப்பில் ஒரே காய் பாக்கி. நமக்கு வெள்ளையில் இரண்டு. ரெட் எனப்படும் சிவப்புக் காய் இன்னும் பலகையிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளை நம் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி, அடிக்கிற கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆட்டக்காரர் நாற்காலியைவிட்டு எழக் கூடாது. கை மூலைக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் ரெட்டை மெல்லிய கட்டில் மூலைக் குழிக்கு அனுப்பியாயிற்று. உடனே சொந்தக் காய் ஒன்றைப் போட்டு 'ஃபாலோ' கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். தூரத்து வெள்ளையை அடித்து ஃபாலோ கொடுத்துவிடுகிறார். இப்போது பின்னால் ஒளிந்திருக்கிற கடைசி வெள்ளை. அவர் கையைத் திருப்பி, கட்டைவிரலை ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் கொண்டுவந்து, தன்னை நோக்கியே சுண்டுகிறார். பவுடர் தூவிய பலகையில் காய் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் விழுகிறது. போர்டு முடிந்தது. இந்த 'தம்ப்' அடியை ஒருவர் நூறு தடவையில் தொண்ணூறு தடவை சரியாக அடிக்க வேண்டுமானால், சிறு வயதிலிருந்து எத்தனை மாலைப் பொழுதுகள் அந்தப் பலகைமுன் போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

டார்ட்ஸில் ஒன்பதே அம்புகளில் 501-ஐ முடிப்பதைச் சிகரமாகக் கொண்டாடுகிறார்கள். சிங்கப்பூரின் பால் லிம் 1990-ல் உலகப் போட்டி மேடையில் முதன்முதலாக அதைச் செய்தபோது, அந்த ஒரு சாதனைக்கே 52,000 பவுண்டு பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு பட்டம் வென்ற பில் டெய்லருக்குக் கிடைத்ததோ 24,000 பவுண்டு! கேரத்திலும் அதற்கு நிகராக ஒன்று உண்டு: எதிராளிக்கு ஒரு முறைகூட வாய்ப்புக் கொடுக்காமல், முதல் அடியிலிருந்து கை மாறாமல் ஒன்பது காயையும் ரெட்டையும் போட்டு முடிக்கிற 'ஸ்லாம்'. நம் ஊர்க் கிளப்புகளில் ஸ்லாம் போட்டவருக்குக் கைதட்டல் கிடைக்கும், ஒரு டீயும் கிடைக்கும்.

ஆக, விரலில் குறையில்லை. ஏற்பாட்டில்தான் இருக்கிறது வித்தியாசம்.

டார்ட்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் தொலைக்காட்சி. பிரிட்டிஷ் ஒளிபரப்பாளர்கள் திரையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் எறிகிறவரின் முகம், மறு பாதியில் பலகை. அம்பு கிளம்புகிற கணத்தின் பதற்றமும் அது குத்துகிற இடமும் ஒரே நேரத்தில் தெரிந்தன. வீட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் ஆட்டம் புரிந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு சிறிய பலகை ஆட்டத்தை ஆயிரக்கணக்கானோர் அரங்கில் கூடிப் பார்க்கவும் லட்சக்கணக்கானோர் வீட்டில் பார்க்கவும் வழி திறந்தது இதனால்தான்.

அடுத்தது, தொழில்முறை அமைப்பு. 1990-களின் தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய அமைப்பிலிருந்து பிரிந்து தனி அமைப்பு கண்டார்கள். பெரிய சண்டை, வழக்கு எல்லாம் நடந்தது. இன்று அந்த அமைப்பின் சுற்றில் 128 பேருக்கு ஆட்ட உரிமை. தகுதிப் போட்டியில் ஆடி அதைச் சம்பாதிக்கலாம். கிடைத்தால் இரண்டு ஆண்டு செல்லும். இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுப் பணத்தை வைத்தே தரவரிசை. ஜனவரியில் ஆடினால் அடுத்த போட்டி எப்போது, எங்கே, எவ்வளவு பணம் என்று நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓடு பதிக்கிற பையனுக்கு வேலையை விடத் துணிச்சல் தருவது இப்படிப்பட்ட நாள்காட்டிதான்.

பார்னியும் 2006-ல் அந்தப் புதிய அமைப்புக்கு மாறினார். 2007-ம் ஆண்டின் முதல் நாள், லண்டனுக்குக் கிழக்கே பர்ஃப்ளீட் என்ற ஊரில் இறுதிப் போட்டி. எதிரில் பில் டெய்லர். டார்ட்ஸில் அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது, மொத்தம் 16 உலகப் பட்டம் வென்றவர். முதல் மூன்று செட்டும் டெய்லருக்கே போயின. அந்த நிலையில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் மனம் விட்டுவிடுவார்கள். பார்னி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார். 6-6 ஆயிற்று. கடைசி செட்டும் 5-5 வரை இழுத்துக்கொண்டு போயிற்று. இனி ஒரே ஒரு லெக், அதாவது ஒரு 501 ஆட்டம். அதில் வென்றவருக்கு உலகப் பட்டம். அதை பார்னி எடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு லட்சம் பவுண்டு. 2026 போட்டியில் அதே பட்டத்துக்கான பரிசு பத்து லட்சம் பவுண்டு. நம் பணத்தில் 11 கோடி ரூபாய்க்கு மேல். பத்தொன்பது ஆண்டுகளில் பத்து மடங்கு.

அந்தப் போட்டி இப்போது லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடக்கிறது. இந்தியாவின் நிதின் குமாரும் அந்த மேடையில் ஆடியிருக்கிறார். கதவு நமக்கும் மூடியில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் பிறந்தது லண்டனிலோ ஜெனீவாவிலோ இல்லை. 1988-ல் சென்னையில் பிறந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் பங்காரு பாபு. பலகையின் அளவு, காயின் எடை, 25 புள்ளி அல்லது எட்டு போர்டு என்கிற கணக்கு, ரெட்டுக்கு மூன்று புள்ளி, எல்லாம் ஒழுங்கான சட்டமாக எழுதப்பட்டு உலகத்துக்குப் போனது இந்த மண்ணிலிருந்துதான். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற பிச்சாட்டூர்க்காரர்கள் இதில் உரிமையோடு பெருமைப்படலாம்.

சட்டம் கொடுத்தோம், சாம்பியன்களையும் கொடுத்தோம். குறிப்பாக வடசென்னை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை. மைதானம் இல்லாத நெருக்கமான தெருக்களில், ஒரு பல்பும் ஒரு பலகையும் நாலு ஸ்டூலும் போட இடம் கிடைத்தால் அது கிளப். பலகை ஒருவர் பணத்தில் வந்ததாக இருக்காது. பத்துப் பேர் சேர்ந்து போட்டதாக இருக்கும். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்பதால், எழாமல் இருப்பதற்காகவே ஆட்டத்தைக் கூர்மையாக்கிக்கொண்டார்கள். வெற்றிமாறனின் 'வடசென்னை' படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தது சும்மா இல்லை. அந்தப் பகுதியின் உண்மை அது.

வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். திரைப்பட விழாவுக்காக உலகம் அறிந்த அந்த நகரத்தில் ஒரு வியாசர்பாடிப் பெண் ஸ்ட்ரைக்கரோடு போய் நின்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பையில், புது வண்ணாரப்பேட்டையின் காசிமா மூன்று தங்கம் வென்றார்: ஒற்றையர், இரட்டையர், அணிப் போட்டி. அப்போது வயது 17. அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. மரிய இருதயமும் ஒதுங்கிவிடவில்லை. அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி கொடுப்பதிலும் சங்கப் பொறுப்பிலும் தன்னை ஈடுபடுத்திக்கொண்டார்.

பெண் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்தது எளிதில்லை. தெருமுனைக் கிளப்பில் மாலையில் ஆண்கள் கூட்டம். அங்கே ஒரு சிறுமி ஸ்டூல் போட்டு உட்கார வேண்டுமானால், வீட்டில் ஒருவர் அவள் பக்கம் நிற்க வேண்டும். அந்த வீடுகளில் அப்படி நின்றவர்கள் அப்பாக்கள். டார்ட்ஸில் ஒரு பெண் உலகச் சாம்பியன் போட்டி மேடையில் ஆண் ஒருவரை முதன்முதலாக வென்றது 2019 டிசம்பரில்தான். இங்கிலாந்தின் ஃபாலன் ஷெராக். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. நம் கேரம் ஆட்டக்காரர்களான பிகாரின் ரஷ்மி குமாரி, ஹைதராபாத்தின் அபூர்வா, சென்னையின் இளவழகி, காசிமா இவர்களின் பெயர்கள் அந்தத் தூரத்தில் பாதியாவது போயிருக்க வேண்டும்.

இவர்களில் யாராவது பார்னியைப் போல ஆட்டத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா? முடியாது. நம் நாட்டில் கேரம் ஆட்டக்காரருக்கு ஆட்டம் வழியாகக் கிடைக்கிற வாழ்க்கை ஒன்றே ஒன்று: விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. மத்திய அரசின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் இருக்கிறது. உலகப் பட்டம் வென்ற மும்பையின் பிரசாந்த் மோரே ரிசர்வ் வங்கி ஊழியர். அபூர்வா எல்.ஐ.சி.யில். ரஷ்மி குமாரி எண்ணெய் நிறுவனத்தில். இந்த வழியைக் குறைவாகப் பேசக் கூடாது. மாதம் பிறந்தால் சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, முதுமைக்குப் பாதுகாப்பு, இவை ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரண விஷயமில்லை. எத்தனையோ குடும்பங்கள் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக் கரையேறியிருக்கின்றன.

ஆனால் அந்த வழி மிகக் குறுகலானது. தேசிய அளவில் ஜெயித்தவர்களுக்கே இடம் கிடைப்பது அரிது. வேலை கிடைத்தபின் ஆட்டம் மாலை நேரத்துக்கும் விடுப்பு நாட்களுக்கும் சுருங்கிவிடுகிறது. வேலை கிடைக்காதவர் இருபத்தைந்து வயதில் ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டு மூடிவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கப் போகிறார். எத்தனை மரிய இருதயங்களை அப்படி இழந்திருக்கிறோமோ! அரசு தருகிற ஒரு கோடி ரூபாய் உலகத் தங்கத்துக்குப் பிறகு வருகிறது. தங்கத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளை யார் பார்த்துக்கொள்வது?

இதற்கு நெதர்லாந்தை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. அவர்கள் டார்ட்ஸுக்கு மதுக் கம்பெனியும் பந்தயக் கம்பெனியும் பணம் கொட்டின. அது நமக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: எல்லாரும் பார்க்கும்படி ஆட்டத்தைக் காட்டுவது, அடுத்த போட்டி எப்போது என்று ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே சொல்வது. காட்டுவது இன்று சுலபம். கேரம் பலகைக்கு நேர் மேலே விளக்குத் தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே ஒரு கைப்பேசியைக் கட்டிவிட்டால் முழுப் பலகையும் திரையில் வந்துவிடும். ஆட்டக்காரரின் முகத்துக்கு இன்னொரு கைப்பேசி. பிரிட்டிஷ் தொலைக்காட்சி பெரிய கேமராக்களை வைத்துச் செய்த அதே காரியம். கைப்பேசியில் கேரம் விளையாட்டு ஆடுகிற கூட்டம் நாட்டில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டம் உண்மையான ஆட்டத்தைப் பார்க்காது என்று நினைக்கக் காரணமே இல்லை.

முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். அதற்குச் சங்கங்கள் உழைக்க வேண்டும். மாவட்ட அளவில் ஆண்டுக்கு ஒரே ஒரு தேர்வுப் போட்டி, அதுவும் இரண்டு நாளைக்கு முன் வாட்ஸப்பில் தகவல் என்றால் கிராமத்துப் பிள்ளை எப்படி வருவான்? பிச்சாட்டூர் மாதிரி எல்லை ஊருக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நாகலாபுரம் வழியாக ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறினால் தமிழ்நாடு வந்துவிடுகிறது. நல்ல ஆட்டக்காரர்களும் நல்ல போட்டிகளும் அந்தப் பக்கம். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளை மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆட வேண்டியது திருப்பதி வழியாக, ஆந்திரப் பிரதேச அணிக்கு. இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: பயிற்சிக்குச் சென்னை, போட்டிக்கு ஆந்திரா. அந்த லாபத்தைப் பயன்படுத்திக்கொள்ள இங்கே பெரியவர்கள் யாராவது வழிகாட்ட வேண்டும்.

எனவே இந்த ஊரிடம் சில வேண்டுகோள்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கேரம் போட்டி வைக்கிறீர்கள். அதைத் தெருக் கணக்கில் வைக்காமல் சம்மேளனத்தின் சட்டப்படி வையுங்கள். 74 சென்டிமீட்டர் பலகை, சரியான எடையில் காய், நாற்காலி, மேலே விளக்கு, 25 புள்ளி ஆட்டம். பரிசாகச் சில்வர் குடத்துக்குப் பதில், ஜெயித்த பிள்ளை மாவட்டத் தேர்வுக்குப் போய்வரப் பயணச் செலவைக் கொடுங்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் உடற்பயிற்சிப் பொருட்கள் வாங்கும்போது தரமான பலகை இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மைதானம் சேறானாலும் வகுப்பறையில் ஆட்டம் நடக்கும். ஒரு பலகையைப் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்குங்கள், அதன் பக்கத்தில் ஆசிரியை ஒருவர் இருக்கட்டும். மாவட்டச் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அடுத்த தேர்வு எந்தத் தேதியில் என்று எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். வருகிற விடுமுறைக்குள் இந்த ஊரிலிருந்து நாலு பிள்ளைகளாவது, அவர்களில் இருவர் பெண் பிள்ளைகளாக, மாவட்டப் போட்டியில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கான பெயர்களை இன்றே, இந்த அவை கலைவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.